ஆதிரைக்கு ஒரு குல்லா

நவம்பர் 3, ஞாயிறு

மூன்றாவது முறையாகப் பிரித்துவிட்டேன். முதல் தடவை கண்ணிகள் இறுகிப்போய் ஊசி நகரவே இல்லை. இரண்டாம் தடவை மீன்வலை மாதிரி தொளதொளவென்று வந்தது. இன்றைக்கு எப்படியோ முறுக்கிக்கொண்டு, உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்று தெரியாத ஒரு வஸ்துவாகிவிட்டது. கைபேசியில் பின்னல் சொல்லித்தரும் பெண்மணி இமாசலத்துக்காரி. இந்தியில் பேசுகிறாள். எனக்கு இந்தி தெரியாது. விரலைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம் என்றால், முக்கியமான இடம் வரும்போதெல்லாம் கையைக் காமிராவுக்குக் கீழே இறக்கிவிடுகிறாள்.

திருப்பூரில் பிறந்து, பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருபத்திரண்டு வருஷமாக நிற்கிறவள் நான். எங்கள் மிஷின்கள் ஒரு ஷிப்டில் பின்னித் தள்ளும் துணியை வைத்து ஊரையே போர்த்தலாம். எனக்கு ஒரு மூன்று வயதுக் குழந்தையின் தலையைப் போர்த்த வரவில்லை.

எல்லாம் என் வாயால் வந்தது. தங்கை சுகந்தி பின்லாந்தில் இருக்கிறாள். அவள் மகள் ஆதிரைக்கு மாசி வந்தால் நாலு வயது. மொட்டையும் காதுகுத்தும் ஒற்றைப்படை வயதில்தான் செய்ய வேண்டும் என்பதால், இப்போது விட்டால் அஞ்சு வயதுக்குத்தான். மாப்பிள்ளை பிரபாகர் வீட்டில் கார்த்திகையிலேயே முடித்துவிடலாம் என்கிறார்கள். சுகந்தி முடியாது என்கிறாள். "அங்க மைனஸ் இருவது அக்கா. அந்தக் குளிர்லயும் பிள்ளைகள வெளிய விளையாட விடுவாங்க. மொட்டத் தலையோட எப்படி அனுப்பறது? கடைக் குல்லா எதையும் தலைல வெக்க மாட்டா. அரிக்குதுன்னு பிடுங்கி வீசறா."

"நான் பின்னித் தாரேன், போடுவா" என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிஷம் வரை நான் ஒரு ஊசியைக் கையில் பிடித்ததில்லை.

"அப்படின்னா சரி" என்று அவளும் உடனே ஒத்துக்கொண்டாள். ஒரு பேச்சுக்காவது 'உனக்கு எதுக்கக்கா சிரமம்' என்று சொல்லியிருக்கலாம்.

தலையின் சுற்றளவை ரிப்பனால் அளந்து, அந்த ரிப்பனை ஸ்கேல் மேல் வைத்துப் படம் அனுப்பியிருக்கிறாள். ஐம்பத்து நாலு சென்டிமீட்டர். இன்னொரு தரம் அளந்து அனுப்பு என்றேன். அதே அளவுதான். அளவு விஷயத்தில் எனக்கு யார் மேலும் நம்பிக்கை கிடையாது.

நவம்பர் 6, புதன்

இரண்டு வரிசை. ஒரு கண்ணி எங்கோ விழுந்துவிட்டது. தேடவில்லை.

நவம்பர் 7, வியாழன்

விழுந்த கண்ணி ஓட்டையாகிவிட்டது. பிரித்தேன்.

நவம்பர் 10, ஞாயிறு

தங்கவேல் அண்ணன் வந்திருந்தார். பெரியப்பா மகன். எனக்கும் சுகந்திக்கும் கூடப் பிறந்த ஆண் யாரும் இல்லை. அப்பா அம்மாவும் போய்விட்டார்கள். ஆக ஆதிரைக்குத் தாய்மாமன் என்று மடியில் உட்கார வைத்துக்கொள்ள அவர்தான் என்று எல்லோரும் பேசி முடித்திருக்கிறார்கள். பத்திரிகையிலும் அவர் பெயர்தான் போகிறது. அதில் தப்பு ஒன்றும் இல்லை.

நல்ல மனுஷன். அதுதான் எரிச்சல். கெட்டவராக இருந்தால் ஒரு வார்த்தை பேசிவிடலாம்.

"சீர்த்தட்டு வரிசையில ஒரு குறையும் வெக்க மாட்டேன் அம்முணி. அந்தப் புள்ளைக்குப் பொறந்த வூடு இல்லைங்கிற பேச்சு வரக் கூடாது."

சுகந்திக்குப் பத்து வயதாக இருக்கும்போது அம்மா போனார்கள். அன்றிலிருந்து அவளுக்குத் தலை வாரியதும், பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டதும், மாப்பிள்ளை பார்த்ததும் இந்த வீட்டில்தான் நடந்தது. இந்த வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, நான் போட்ட காப்பியைக் குடித்துக்கொண்டு, பிறந்த வீடு இல்லை என்கிறார். காப்பி போதுமா அண்ணா என்று கேட்டேன்.

"காதுக்குத் தோடு மாமன்தான் எடுக்கோணும். இன்னும் பாக்கல. பொம்பளப் புள்ளைக்கு எந்த மாதிரி நல்லா இருக்கும்?"

ஆடிப்பெருக்கன்று வாங்கிய தோடு ஒன்று பீரோவில் இருந்தது. சின்னப் பூ, நடுவில் சிவப்புக் கல். ஏதோ கடைப்பக்கம் போனபோது கண்ணில் பட்டது, எடுத்து வைத்தேன். அதையே கொடுத்து, உங்கள் தட்டில் வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். ரொம்ப சந்தோஷப்பட்டார். தோடு யார் தட்டில் இருந்தால் என்ன, காது அதே காதுதான்.

அவர் போன பிறகு பதினொரு வரிசை பின்னினேன். கோபத்தில் கண்ணி ஒரே சீராக வருகிறது.

நவம்பர் 14, வியாழன்

சாப்பாட்டு இடைவேளையில் பின்னினால் செக்கிங் டேபிளே என்னைச் சுற்றி நிற்கிறது. "ஏனுங் அக்கா, நம்மூரு வெயில்ல இத யாரு போடுவாங்க?" என்று ஒருத்தி. "யாருக்காவது விசேஷமுங்களா?" என்று இன்னொருத்தி. என் தங்கச்சி மகளுக்கு என்று சொன்னால், "அப்பப் பெரியம்மா சீரா?" என்று கேட்டுச் சிரிக்கிறாள். பெரியம்மாவுக்கு ஏது சீர்? பெரியம்மா பந்தியில் தண்ணீர் ஊற்றலாம்.

வீட்டில் இப்போது நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் பாய் போட்டுச் சம்மணமிட்டு உட்கார்ந்துதான் பின்னுகிறேன். நின்று நின்று முட்டி தேய்ந்துபோனதால் முதல் இரண்டு நாள் எழுந்திருக்கவே முடியவில்லை. ஒரு மணி நேரம் அசையாமல் உட்காரப் பழக வேண்டும் என்று நினைத்தேன். உடம்புக்கு நல்லது என்கிறார்கள்.

நவம்பர் 17, ஞாயிறு

குல்லா முடிந்தது. பிரித்த எண்ணிக்கையை எழுதப்போவதில்லை. கத்தரிப்பூ நிறம். சிவப்பு கேட்டிருந்தேன். கடைக்காரன் இதுதான் சிவப்பு என்கிறான். இரண்டு பக்கமும் காதை மூடும் மடல், அதிலிருந்து தொங்கும் இரண்டு சடை, உச்சியில் ஒரு குஞ்சம்.

போட்டுப் பார்க்கத் தலை வேண்டுமே. தேங்காய் சின்னதாகப் போய்விட்டது. சோறு வடிக்கிற போசியை டேப்பால் அளந்தேன், ஐம்பத்து நாலே கால். குல்லாவை அதற்கு மாட்டி மேஜையில் வைத்தேன். கச்சிதம். போசிக்குக் குளிராது.

நவம்பர் 20, புதன்

கையுறை. கட்டைவிரலுக்கு மட்டும் தனி அறை, மற்ற நாலு விரலும் ஒரே பையில். இதில் என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இடது கை ஆதிரைக்குச் சரியாக இருக்கும். வலது கை எனக்கே சரியாக இருக்கிறது. ஒரே ஊசி, ஒரே நூல், ஒரே கை. கம்பெனியில் இப்படி ஒரு ஜோடி வந்திருந்தால் சிவப்பு ஸ்டிக்கர் ஒட்டி, தைத்தவளைக் கூப்பிட்டு நிற்க வைத்திருப்பேன். இன்றைக்கு நானே நின்றேன்.

நவம்பர் 24, ஞாயிறு

சுகந்தி பேசினாள். ஆதிரையைப் போனில் காட்டினாள். சுருள் சுருளாக அவ்வளவு முடி, எங்கள் அம்மாவின் முடி. "பெரியம்மா பாரு" என்றால் அது போனைத் திருப்பிப் போட்டுவிட்டு ஓடுகிறது. பிறந்ததிலிருந்து இந்தக் கண்ணாடிக்குள்தான் என்னைப் பார்த்திருக்கிறது. யார் மேலும் குறையில்லை.

வைக்கும் முன்னால் சுகந்தி கேட்டாள். "மடி விஷயத்துல உனக்கு ஒண்ணும் வருத்தமில்லையே அக்கா?"

"எனக்கென்ன வருத்தம்? தாய்மாமன்னு இருந்தா அவர்தானே உக்காரோணும்."

"இல்ல, நீதான் என்னைய வளத்த..."

"வளத்தா? நீயா வளந்த. போனை வை, கண்ணி எண்ணிட்டு இருக்கேன்."

எண்ணிக்கொண்டெல்லாம் இல்லை. அவள் கேட்டதால் ஒரு வரிசை முழுக்கத் தப்பாகப் போயிற்று. எதற்காக இந்தக் கேள்வியெல்லாம் கேட்கிறார்கள் என்று தெரியவில்லை.

டிசம்பர் 1, ஞாயிறு

வந்துவிட்டார்கள்.

வாசலில் ஆரத்தி எடுத்தேன். பிள்ளை தட்டைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, அப்பாவின் பேண்டுக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. நான் கையை நீட்டியதற்கு ஒரு அலறல். பரவாயில்லை. பயணக் களைப்பு.

மத்தியானம் தூக்கக் கலக்கத்தில் இருந்தபோது சுகந்தி மெதுவாகக் குல்லாவை மாட்டினாள். அந்தச் சுருள் முடிக்கு மேல் அளவெடுத்துத் தைத்தது போல உட்கார்ந்தது. காது மடல் காதில், சடை தோளில். "அக்கா, இதக் கையிலயா செஞ்சீங்க?" என்று பிரபாகர்கூட வந்து பார்த்தார். எனக்குப் பெருமையாக இருந்தது, சொன்னால் என்ன. மூன்று நிமிஷம் இருக்கும். பிள்ளை விழித்து, குல்லாவைப் பிடுங்கி, சரியாக என் காப்பி டம்ளருக்குள் வீசியது. இந்த வெயிலில் நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

டிசம்பர் 4, புதன்

லீவு போட்டிருக்கிறேன். வருஷக்கணக்கில் போடாத லீவு. மேனேஜர் உடம்புக்கு என்ன என்று கேட்டார்.

கழுத்துக்குச் சுற்றும் பட்டி மட்டும் பாக்கி. காலையில் பாயில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தபோது நூல் உருண்டை தானாக நகர்ந்தது. பார்த்தால், கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை இழுக்கிறது. நான் இழுத்தேன். அது இழுத்தது. இப்படியே அரை உருண்டை பிரிந்து கூடம் முழுக்க நூல். சிக்கெடுக்க ஒரு மணி நேரம் ஆகும் என்று வாய்விட்டுத் திட்டினேன். என்ன புரிந்ததோ, நூல் நுனியைப் பிடித்துக்கொண்டே தவழ்ந்து வந்து, கேட்காமல் கொள்ளாமல் என் சம்மணத்துக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டது.

ஊசியை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. கை எட்டவில்லை. முடி மூக்கில் ஏறித் தும்மல் வந்தது, தும்மினால் எழுந்துவிடுமோ என்று அடக்கிக்கொண்டேன். கால் மரத்துப்போனது. சுகந்தி வந்து, "எறக்கி விடக்கா, வேலை கெடுதில்ல" என்றாள். "நீ உன்ற வேலையப் பாரு" என்றேன்.

இன்று பின்னியது ஒன்றுமில்லை.

டிசம்பர் 8, ஞாயிறு

ஒத்திகை மாதிரி, பிள்ளையைப் பழக்கிக்கொள்ளத் தங்கவேல் அண்ணன் வந்தார். பேட்டரி யானை பொம்மை ஒன்று வாங்கி வந்தார். அது தும்பிக்கையைத் தூக்கிப் பிளிறியதில் பிள்ளை பயந்து என் முந்தானைக்குள் வந்துவிட்டது. அப்புறம் அவர் மீசை. அந்த மீசையைப் பார்த்து நானே சின்ன வயதில் அழுதிருக்கிறேன், அது பெரியப்பாவின் மீசை, குடும்பச் சொத்து.

"மாமா மடிக்கு வா கண்ணு" என்று அவர். "மாமா மடில உக்காந்தா மிட்டாய்" என்று பிரபாகர். "மாமா மடிதான் நல்ல மடி" என்று சுகந்தி. சம்பந்தியம்மா போனில்கூட, "மாமா மடில உக்காருவியா தங்கம்?" என்று கேட்டார்கள். வீடு முழுக்க மாமா மடி, மாமா மடி. பிள்ளை என் முந்தானையை முறுக்கிக்கொண்டு எல்லோரையும் பார்த்தது.

"அன்னிக்குச் செரியாயிரும்" என்று சொல்லிவிட்டு அண்ணன் எழுந்தார். முகம் வாடிவிட்டது. அவருக்கும் பேத்தி பேரன் என்று இன்னும் யாரும் இல்லை. பாவம்தான். நான் ஏன் பாவப்பட வேண்டும் என்றும் எரிச்சலாக இருந்தது.

டிசம்பர் 10, செவ்வாய்

நாளைக்கு விசேஷம். பை எடுத்து வைத்தாயிற்று. குல்லா, கையுறை, கழுத்துப் பட்டி, துண்டு, மாற்றுத் துணி. எனக்கு அரக்குப் பட்டுச்சேலை. பந்தி வேலை பார்க்கிறவளுக்குப் பட்டு எதற்கு என்று சுகந்தி கேட்பாள். பெட்டியில் கிடந்து இற்றுப்போகிறது, அதனால்தான்.

டிசம்பர் 11, புதன்

உட்கார்ந்து எழுதவே இப்போதுதான் நேரம் கிடைத்தது. பிள்ளை பக்கத்தில் தூங்குகிறது. வரிசையாக எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டுக் குலதெய்வக் கோயில் தாராபுரத்துக்கு அந்தப்பக்கம். அரசமரத்தடியில் பாய் விரித்திருந்தது. தங்கவேல் அண்ணன் பட்டு வேட்டி, தோளில் ஜரிகைத் துண்டு, சீர்த்தட்டெல்லாம் வரிசையாக. சொன்னபடியே ஒரு குறையும் வைக்கவில்லை. நான் மரத்துக்கு இந்தப்பக்கம் பையோடு நின்றேன்.

பிள்ளையை அவர் மடியில் வைத்தார்கள். முடியெடுக்கிறவர் தலையில் தண்ணீர் தெளித்ததும் ஆரம்பித்தது. நான் அப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை. உடம்பை வில்லாக வளைக்கிறது, தலையை இரண்டு பக்கமும் அடிக்கிறது. அண்ணன் இறுக்கிப் பிடித்தார், இன்னும் அலறியது. கத்தியை எடுத்தவர் கீழே வைத்துவிட்டார்.

"தலை ஆடுச்சுன்னா கத்தி பட்டுருமுங்க. நான் தொட மாட்டனுங்க" என்றார்.

சுகந்தி அழ ஆரம்பித்துவிட்டாள். "வேண்டாம், விட்டுறலாம்" என்கிறாள். சம்பந்தியம்மா, "சாமிக்குச் சொன்னத எப்பிடி விடறது?" என்கிறார்கள். பிரபாகர் போனில் கார்ட்டூன் காட்டுகிறார், பிள்ளை போனைத் தட்டிவிட்டது. அப்புறம் அது கூட்டத்தில் ஒவ்வொரு முகமாகத் தேடி, என்னைக் கண்டுபிடித்து, இரண்டு கையையும் நீட்டியது.

நான் நகரவில்லை. உண்மையாகவே நகரவில்லை. மனசு எப்போதோ போய்விட்டது, கால் போகவில்லை. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"பெரியம்மாகிட்டத்தான் வரோணுங்குது" என்று யாரோ சொன்னார்கள். "அதெப்பிடி, மாமன் மடிலல்ல உக்காரோணும்?" என்று வேறு யாரோ. முடியெடுக்கிறவர் சலித்துப்போய், "யாரு மடியா இருந்தாலும் எனக்குத் தலை ஆடாம இருந்தாச் செரிங்க, வெயிலேறுது" என்றார்.

தங்கவேல் அண்ணன்தான் பேசினார். பிள்ளையைப் பிடித்தபடியே, என் முகத்தைப் பார்க்காமல், "பூங்கொடி, இங்க வந்து உக்காரு" என்றார்.

பேர் சொல்லித்தான் கூப்பிட்டார், அம்முணி இல்லை. போய்ப் பாயில் அவர் பக்கத்தில் சம்மணமிட்டேன். அவர் தோளிலிருந்த ஜரிகைத் துண்டை எடுத்து உதறி, என் மடியில் விரித்தார். அதன்மேல் பிள்ளையை வைத்தார். ஒரு முனையைத் தன் கையில் பிடித்துக்கொண்டார்.

"துண்டு மாமனுது. மடி எதா இருந்தா என்ன?" என்று சம்பந்தி பக்கம் பார்த்துச் சத்தமாகச் சொன்னார். சம்பந்தியம்மா, "ஆவுட்டும், நடக்கட்டும்" என்றார்கள்.

பிள்ளை என் முந்தானையை முறுக்கி வாயில் வைத்துக்கொண்டது. விசும்பியது, அலறவில்லை. சுருள் சுருளாக முடி விழுந்து துண்டிலும் என் சேலையிலும் ஒட்டியது. நான் மூச்சுக்கூடச் சரியாக விடவில்லை. முட்டி வலிக்கவே இல்லை. குளிப்பாட்டி, புதுத்துணி போட்டு, சந்தனம் தடவி, அதே துண்டு, அதே மடி, ஆசாரி வந்து காது குத்தினார். வலது காதுக்கு ஒரு கத்தல், இடது காதுக்கு இன்னொன்று, அவ்வளவுதான். சிவப்புக் கல் அந்தக் காதுக்கு நன்றாக இருக்கிறது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். புகை என்றார். அங்கே புகை எதுவும் இல்லை.

இதோடு முடித்திருக்கலாம். சுகந்தி விடுவாளா? "அக்கா, குல்லாவ எடு, போட்டோ எடுக்கலாம்" என்றாள். எடுத்து மாட்டினேன்.

குல்லா நெற்றியைத் தாண்டி, கண்ணைத் தாண்டி, மூக்கில் போய் நின்றது.

கோயிலே சிரித்தது. ஆசாரி சிரித்தார், பூசாரி சிரித்தார். குல்லாவுக்குள்ளிருந்து, "அம்மா, லைட்டு போச்சு" என்று ஒரு குரல். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தலையை அளக்கவில்லை, தலையையும் அந்தக் காடு மாதிரி முடியையும் சேர்த்து அளந்திருக்கிறோம். மொட்டை அடிக்கப்போகிறோம் என்பதற்காகவே பின்னிய குல்லா. ஒரு மாசத்துக்கு மேலாக எனக்கும் தோன்றவில்லை, சுகந்திக்கும் தோன்றவில்லை, இரண்டு தரம் அளக்கச் சொன்ன எனக்கு வேறு இருபத்திரண்டு வருஷ செக்கிங் அனுபவம். நாளைக்கு எந்த முகத்தோடு அடுத்தவள் தைத்ததில் குற்றம் சொல்வேன்?

அது மட்டுமா. கழற்றும்போது காது மடலின் கம்பளி, குத்திய காதில் உரசிவிட்டது. என் மடியில் கத்திக்கு அலறாத பிள்ளை இதற்கு அலறியது. என் கையால்.

எல்லோரும் சாப்பிடப் போனார்கள். பந்தியில் தண்ணீர் ஊற்றினேன்.

டிசம்பர் 12, வியாழன்

சுகந்தி, "அங்க போயி ஏதாவது வாங்கிக்கறேன், நீ மனசுல வெச்சுக்காத" என்றாள். அந்தச் சமாதானக் குரலைக் கேட்டதும் எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விமானம். அதற்குள் காது ஆறாது. கடைக் குல்லா உரசாதா? போட மறுத்து வெறும் மொட்டைத் தலையோடு அந்தப் பனியில் நிற்கும். மொட்டை அடிக்கச் சொல்லி நான்தானே ஒத்துக்கொள்ள வைத்தேன்.

பிள்ளை என் மடியில் தூங்கும்போது நானே டேப்பை எடுத்து அளந்தேன். நாற்பத்தொன்பதரை. சந்தனம் காய்ந்து டேப்பில் ஒட்டிக்கொண்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

புதுக் குல்லா பாதி. இமாசலத்துக்காரி கையை இறக்கும் இடமெல்லாம் இப்போது எனக்கு மனப்பாடம். பின்னல் வந்துவிட்டது, காதுதான் தீராத தலைவலி. மடலை எவ்வளவு மிருதுவாகப் பின்னினாலும் கம்பளி கம்பளிதான். என் கன்னத்தில் தேய்த்துப் பார்த்தேன், எனக்கே அரித்தது. அந்தப் பிள்ளை இத்தனை நாளாகக் கடைக் குல்லாவைப் பிடுங்கி வீசியதில் நியாயம் இருக்கிறது. நாம்தான் அடம் என்று பேர் வைத்தோம்.

டிசம்பர் 17, செவ்வாய்

கண்ணெதிரே இருந்திருக்கிறது, எனக்குத்தான் புத்தி வேலை செய்யவில்லை. கம்பெனியில் கைக்குழந்தைச் சட்டைக்கு ஓடும் பஞ்சுத் துணியில் வெட்டுத் துண்டு கொஞ்சம் கேட்டு வாங்கினேன். ஊர் உலகத்துக்கெல்லாம் இந்தத் துணியை அனுப்புகிற ஊரில் உட்கார்ந்துகொண்டு கம்பளியோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். குல்லாவுக்கு உள்ளே முழுக்க அந்தப் பனியன் துணியை வைத்து, தையல் முடிச்சு எதுவும் காதுப்பக்கம் வராமல் கையால் தைத்தேன். வெளியே கம்பளி, உள்ளே பனியன். சடையை வெட்டிவிட்டேன்.

மத்தியானம் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்துவிட்டு மாட்டிப் பார்த்தேன். பிள்ளை கையைத் தலைக்குக் கொண்டுபோனது. பிடுங்கப்போகிறது என்று நினைத்தேன். உள்ளே ஒரு விரலை விட்டுத் தடவிப் பார்த்தது, எங்கள் துணி பார்க்கிற பெண்கள் பார்ப்பது மாதிரி. அப்படியே விட்டுவிட்டது.

டிசம்பர் 20, வெள்ளி

கோயமுத்தூர் விமான நிலையம். தங்கவேல் அண்ணன் காரில் போனோம். நல்ல வெயில். பிள்ளை குல்லாவைக் கழற்ற மாட்டேன் என்று வியர்த்து வடிய நின்றது, அதற்கும் சுகந்தியிடம் திட்டு.

உள்ளே போகும்போது திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தைதானே, அதற்கு என்ன தெரியும்.

வீட்டுக்கு வந்தால் பெரிய குல்லா மேஜை மேல் போசியில் உட்கார்ந்திருக்கிறது. சோறு வடிக்க வேறு போசி எடுத்தேன்.

டிசம்பர் 22, ஞாயிறு

கட்டிலுக்கு அடியில் கூட்டும்போது அரை உருண்டை நூல், ஒரே சிக்கு. எடுக்கவில்லை. அங்கேயே இருக்கட்டும்.

ஜனவரி 5, ஞாயிறு

கம்பெனியில் இந்த வாரம் முழுக்க ஒரே தகராறு, அதை எழுத வந்தேன். அதற்குள் சுகந்தி கூப்பிட்டுவிட்டாள். சிரிப்பில் பேச்சே வரவில்லை அவளுக்கு. எனக்குச் சுத்தமாகப் பொறுமை இல்லை.

"விஷயத்தச் சொல்லிட்டுச் சிரி."

"அக்கா, இவ டீச்சர் என்னயக் கேக்கறாங்க. ஆதிரை குல்லாவ நாள் பூராக் கழட்டறதே இல்லையாம். உள்ள துணி வெச்சது ரொம்ப நல்லாருக்காம். உங்க அண்ணன் எப்படி இத்தனை அழகாப் பின்றாருன்னு கேக்கறாங்க."

"எந்த அண்ணன்?"

"யார் பின்னித் தந்தாங்கன்னு கேட்டிருக்காங்க. இவ மாமான்னு சொல்லியிருக்கா. மாமான்னா என்ற அண்ணன்னு அவங்களுக்கு நான் முன்னயே சொல்லி வெச்சிருந்தேன்."

தங்கவேல் அண்ணன் சட்டைப் பொத்தானைக்கூடத் தைத்திருக்க மாட்டார். எனக்கு வந்ததே கோபம். விரல் தேய்ந்தது நான், பேர் வாங்கியது அவரா என்று கேட்டேன்.

"அவர் இல்லக்கா, நீதான். போட்டோல அண்ணனக் காட்டினா 'மீசை தாத்தா'ங்கறா. உன்னயக் காட்டினா மாமாங்கறா. பெரியம்மான்னு எத்தனை தரம் திருத்திட்டேன், கேக்க மாட்டேங்கறா. மாமா மடில உக்காருன்னு எல்லாரும் சொன்னீங்கல்ல, நான் உக்காந்தேன்ல அப்படிங்கறா."

அதற்குள் போனைப் பிடுங்கிக்கொண்டு அந்த முகம் வந்தது. கத்தரிப்பூ நிறக் குல்லா, காதில் சிவப்புக் கல், பின்னால் ஜன்னல் முழுக்க வெள்ளை. போனைத் திருப்பிப் போடவில்லை. என்னைப் பார்த்து, "மாமா" என்றது.

குழந்தைக்கு முறை தெரியாமல் வளர்க்கிறாய், நாளைக்கு நாலு பேர் சிரிப்பார்கள் என்று சுகந்தியை நன்றாகத் திட்டினேன். பிறகு, லைன் சரியில்லை, அது என்ன சொன்னது என்று கேட்கவில்லை, இன்னொரு தரம் சொல்லச் சொல் என்றேன்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.